நெருக்கடியில் திரண்ட இனவுணர்வும் மலேசியத் தமிழ்ப் படைப்பும்

தாயகத்துச் சிற்றூரில் வாழும் மனிதனுக்குத் தன்னைத் ‘தமிழன்’ என்று அழைத்துக்கொள்ள வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அங்கு அவன் இன்னார் மகன், இன்ன ஊரினன், இன்ன குலத்தினன். சுற்றியிருப்போர் அனைவரும் பேசும் மொழியை எவரும் தனக்குரிய அடையாளமாகக் கொள்வதில்லை. அவனே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. தஞ்சையினன், திருச்சியினன், சேலத்தினன் என்னும் வேறுபாடுகளைப் புதிய மண்ணில் அறிந்தவர் இல்லை. அங்கே அனைவர்க்கும் பெயர் ஒன்றே. கலிங்கம் என்னும் பெயரிலிருந்து தோன்றியதாகக் கருதப்படும் ‘கெலிங்’ என்னும் சொல் அப்பெயராக அமைந்தது. தொடக்கத்தில் அச்சொல்லில் இழிவு இல்லை என்பதற்குப் பினாங்கில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலே சான்றாகும். பின்னாளில் அது வசைச்சொல்லாயிற்று. தானே சூட்டிக்கொள்ளாத பெயரைப் பிறர் சூட்டும்போது, “நான் அதுவல்லன், நான் இன்னான்” என்று சொல்லும் கட்டாயம் ஒருவனுக்கு உண்டாகிறது. புலம்பெயர்ந்தோரின் இனவுணர்வு அந்த மறுமொழியில் தொடங்குகிறது.

இவ்வுண்மை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இனக்குழுக்களைப் பற்றி 1969இல் வெளிவந்த தொகுப்பு நூல் ஒன்றில், நார்வே நாட்டு மானுடவியலறிஞர் பிரடெரிக் பார்த், ஓர் இனத்தை நிலைநிறுத்துவது அதனுள் அடங்கிய பழக்கவழக்கங்களின் தொகுதியைக் காட்டிலும், அதற்கும் பிறர்க்கும் இடையே வரையப்படும் எல்லையே என்று நிறுவினார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1994ஆம் ஆண்டு, முறையான ஆவணம் இல்லாக் குடியேறிகளுக்குக் கல்வி முதலிய பொதுச்சேவைகளை மறுக்கும் ‘187ஆம் முன்மொழிவு’ மக்கள் வாக்கால் நிறைவேறியது. அதற்கு முன்னும் பின்னும் குடியேறியோரின் பிள்ளைகளை ஆராய்ந்த அலெஹாந்திரோ போர்ட்டஸ், ரூபன் ரும்பாத் ஆகிய இரு அறிஞர்கள், ‘அமெரிக்கன்’ என்று தம்மைக் கூறிக்கொள்ளும் போக்குக் குறைந்து, பெற்றோர் பிறந்த நாட்டின் பெயரால் தம்மைக் கூறிக்கொள்ளும் போக்கு மிகுந்ததைக் கண்டனர். விலக்கிவைக்க முனைந்த சட்டமே விலக்கப்பட்டோரின் பெயரை உரக்கச் சொல்லவைத்தது.

ஆயின், இலக்கியத் திறனாய்வு இத்துடன் நின்றுவிட இயலாது. நெருக்கடி இனவுணர்வை வளர்க்கிறது என்பது சமூகவியல் உண்மை. அவ்வாறு வளர்ந்த உணர்வில் எத்தகைய இலக்கியம் பிறந்தது, நெருக்கடி நீங்கிய பின்னும் அது வாழுமா என்பதே திறனாய்வு எழுப்ப வேண்டிய வினா. அவ்வினாவை மலேசியத் தமிழ்ப் படைப்புகளின்பால் எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘வெளி’ என்பது எது?

வெளியிலிருந்து வரும் அழுத்தம் என்றவுடன் வேற்றினத்தார் தரும் அழுத்தம் என்றே பலரும் பொருள்கொள்வர். மலாயாத் தோட்ட வரலாறு அத்துணை எளிதானதன்று. துரை வெள்ளையர், எனினும் துரையின் ஆணையை நிறைவேற்றிய கிராணிமாருள் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் பலர். ஆட்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்து கடனில் கட்டிவைத்த கங்காணி தமிழனே. பயிற்சியில்லாத் தொழிலாளர் உதவி பெற்றுக் குடிபெயர்வதை 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை கங்காணியின் ஆட்சி ஏதேனும் ஒரு வடிவில் நீடித்தது. ஆர். கே. ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்டத் தமிழர் பற்றிய ஆய்வு, தோட்டத்தில் சாதி முற்றும் மறைந்துவிடவில்லை என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தம் இவ்வகையில் எண்ணத்தக்கது. ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கொடுமை புரியும் அலுவலர் நீக்கப்பட வேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர்.

இக்கோரிக்கைகளைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கூலி உயர்வு முதலாளியை நோக்கியது. மிதிவண்டி பற்றிய கோரிக்கை மானத்தை நோக்கியது. கள்ளுக்கடை மூடலோ தொழிலாளர் தம்மையே நோக்கிச் சொல்லியது. வெளியாரை எதிர்த்த அதே மூச்சில் தம் வாழ்வின் குறையையும் களைய முனைந்தனர் அம்மக்கள். எழுத்தறிவு குறைந்த தொழிலாளர் கண்ட இந்த இருமுகப் பார்வையைப் பின்வந்த எழுத்தாளர் எல்லாரும் கண்டனரா என்பது சிந்திக்கத்தக்கது.

துயரம் மட்டும் போதுமா?

நெருக்கடி மிகுந்தால் இனவுணர்வும் இலக்கியமும் அந்த அளவில் மிகும் என்று கருதுவோர் சயாம் மரண ரயிலின் வரலாற்றை நினைத்தல் வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவிலும் பசியிலும் மடிந்தோர் மிகப் பலர். மலாயாத் தமிழர் அடைந்த துன்பங்களுள் இதனினும் கொடியது வேறில்லை. எனினும், அத்துயரத்தை நாவலாக்கிப் பரவலாக அறியப்பட்ட படைப்புகளாகிய ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இலும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இலுமே நூலாகக் கிடைத்தன. நிகழ்ச்சிக்கும் நாவலுக்கும் இடையே அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் கடந்துவிட்டன.

இத்தாமதத்தின் காரணம் யாது? மாண்டவர் எழுதவில்லை, மீண்டவருள் எழுதத் தெரிந்தவர் சிலரே. தோட்டப்பள்ளி சில ஆண்டுக் கல்வியோடு நின்றது. போர்க்காலத்தில் துயரத்தை ஏந்திச் செல்ல இதழ் இல்லை, மன்றம் இல்லை, நூலகம் இல்லை. துயரம் தானாகத் திரளுவதில்லை; ஏந்தும் கலம் இல்லையேல் அது மண்ணில் சிந்தி மறைந்துவிடும். இனவுணர்வு வளர்வதற்கு அழுத்தம் எவ்வளவு தேவையோ, அவ்வழுத்தத்தைச் சொல்லாக்கும் பள்ளியும் இதழும் அமைப்பும் அவ்வளவு தேவை.

அதே ஆண்டுகளில் கலம் ஒன்று கிடைத்த இடத்தில் நிகழ்ந்ததையும் காணலாம். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்திற்குப் புத்துயிர் ஊட்டினார். தோட்டத்து இளைஞரும், ஜான்சி ராணிப் படையில் இளம்பெண்களும் சேர்ந்தனர். அங்கு அவர்கள் ‘இந்தியர்’ ஆயினர். பத்தாண்டுக்குள் அதே மக்கள் ‘தமிழர்’ என்று திரண்டனர். எத்திசையிலிருந்து நெருக்குதல் வருகிறதோ அத்திசைக்கேற்பத் திரளும் பெயரும் மாறும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஐம்பதுகளின் எழுச்சி

அவ்விரண்டாம் திரட்சிக்குக் கலமாக அமைந்தது இதழ். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’, படித்தோர்க்குரிய செய்தித்தாளாக மட்டும் நில்லாமல், பிளவுபட்ட மக்களை ஒரே பெயரின்கீழ்க் கொணரும் கருவியாயிற்று. 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள், சமய வேறுபாடின்றித் தமிழ் பேசுவோர் அனைவரையும் பொங்கற் காலத்தில் ஒன்றுகூட்டியது. இந்து என்றும் இசுலாமியர் என்றும் கிறித்தவர் என்றும் பிரிந்தவரை மொழி இணைத்தது. அந்நாளில் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைய இருந்தபோது, சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரும் யோசனை எழுந்தது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டப்பட்டது. 1956இல் தொடங்கிய அத்துறையில் தமிழ் இடம்பெற்றது. அத்துறையின் தலைவராகப் பின்னர் விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தேறியது.

இங்கு நெருக்கடி பிற இனத்தாரிடமிருந்து வந்ததன்று. ‘இந்தியர்’ என்னும் பொதுப்பெயருக்குள்ளிருந்தே எழுந்தது. எனினும், அதற்கான மறுமொழி ஆக்கமாக அமைந்தது. கண்டனக் கூட்டத்தோடு அது முடியவில்லை. நிதியாயிற்று, நூலகமாயிற்று, ஆய்வாயிற்று. ‘தமிழ் முரசு’ வளர்த்த மாணவர் மணிமன்றம் புதிய எழுத்தாளர்க்குப் பயிற்சிக்களமாயிற்று. ஐம்பதுகளின் எழுச்சி இலக்கியத்திற்குப் பயன்பட்டமைக்குக் காரணம் சினத்தின் அளவன்று. சினம் நிறுவனமாக மாறியதே எனலாம்.

கண்ணீர்க் கதைகளும் ஓர் அளவுகோலும்

அடுத்து வந்த நெருக்கடி நிலத்தைப் பற்றியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. லயன் வீடும் பள்ளியும் கோயிலும் ஒருசேரக் கைநழுவும் நிலை நேர்ந்தது. அதற்கு மறுமொழியாக வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தொழிலாளர் சிறுதொகை சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். 1969இல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. பால்வெட்டிய கைகளில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். ஒரே குடும்பத்தில் நீல அட்டை பெற்ற பிள்ளை இங்கும், பெறாத பெற்றோர் அங்குமாகப் பிரிந்த கொடுமையும் நிகழ்ந்தது.

இந்நிகழ்ச்சிகள் மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு உணர்ச்சிமிக்க பொருளாயின. அக்கதைகளை வாசிக்கும் எவரும் நெஞ்சுருகாதிருத்தல் அரிது. எனினும், அவற்றுள் பலவற்றில் ஒரே வார்ப்பு மீண்டும் மீண்டும் வருதலை மறைத்தல் நேர்மையாகாது. துரை கொடியவன், கிராணி வஞ்சகன், தொழிலாளி மாசற்றவன், இறுதியில் கண்ணீர், அல்லது சாவு, அல்லது ஒரு சூளுரை. இத்தகைய கதைகளை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்றுண்டு. நெருக்குபவனைக் கதையிலிருந்து நீக்கிவிட்டால், நெருக்கப்பட்டவன் வாழ்வில் எஞ்சுவது யாது? அவன் உண்ட உணவும், பேசிய மொழியும், வழிபட்ட தெய்வமும், செய்த தவறும், கொண்ட நகைச்சுவையும் எஞ்சுமாயின் அது இலக்கியம். ஒன்றும் எஞ்சாதாயின், அப்பாத்திரம் பகைவனின் நிழலேயன்றித் தமிழனின் உருவமன்று.

இவ்வளவுகோலில் தேறும் படைப்புகளுக்குக் குறைவில்லை. தமிழகத்திலிருந்து இந்தோனேசியா சென்று வாழ்ந்து மீண்ட ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. போர்க்காலப் பினாங்கும் மெடானும் அதன் களங்கள். அதன் நாயகன் பாண்டியன் வேற்றுமண்ணில் இருந்தவாறு தன் ஊர்ச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் நுணுக்கமாக நினைவுகூர்கிறான். அதே வேளையில் தமிழரின் பழம்பெருமைப் பேச்சை எள்ளவும் செய்கிறான். அவன் தமிழனாயிருக்கப் பகைவன் ஒருவன் தேவைப்படவில்லை. தன்னினத்தை எள்ளும் துணிவே அவன் இனவுணர்வின் வலிமைக்குச் சான்றாகிறது.

அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ ஜப்பானியர் ஆட்சியிலும் அதன் பின்னரும் ஆற்றங்கரைத் தமிழர் பட்ட அலைக்கழிவைச் சொல்கிறது. அங்கு அழுத்தம் ஒரு திசையிலிருந்து வருவதில்லை. ஆள்வோர் மாற மாற, அச்சத்தின் முகமும் மாறுகிறது. ஆகவே ‘அவர்கள் தீயவர், இவர்கள் நல்லவர்’ என்னும் எளிய பிரிவினை அங்கு நிற்பதில்லை. ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ (1998) புற்றுநோயுற்ற முதியவர் ஒருவரின் இறுதி நாள்களைச் சொல்வது. அந்நாவலை நடத்திச் செல்வது இனப்பகை அன்று. மரணத்தை எதிர்கொள்ளும் மனம். ஆயினும் அது மலேசியத் தமிழ் வாழ்வின் நாவலன்று என்று எவரும் கூறத் துணியார். நெருக்கடி இல்லாத பக்கத்திலும் ஓரினம் வாழ்கிறது என்று காட்டியதே அதன் சிறப்பு.

‘இண்டர்லோக்’ தந்த பாடம்

இவ்வளவுகோலின் தேவையை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உணர்த்தியது. தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த ‘இண்டர்லோக்’ என்னும் மலாய் நாவல், 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்க்கு இலக்கியப் பாடநூலாக்கப்பட்டது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதையைச் சொல்லும் அந்நூலில், தமிழகத்திலிருந்து வந்தோரைச் சாதிப்பெயரால் குறித்த பகுதி இந்தியச் சமுதாயத்தில் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது. நூலில் திருத்தம் செய்வது குறித்துப் பேச்சு நடந்தது. அவ்வாண்டு இறுதியில் அது பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

அந்நாள்களில் தமிழ்ச் சமுதாயம் ஒரே குரலில் பேசியது. வெளியார் குறித்த சொல் உள்வேற்றுமைகளை ஒரு பொழுதுக்கு மறக்கச் செய்தது. இனவுணர்வு நெருக்கடியில் திரள்வதற்கு இதனினும் தெளிவான காட்சி வேண்டுவதில்லை. மானத்தின்பாற்பட்ட அக்கண்டனம் நியாயமானதே. சாதிப்பெயரை ஓரினம் முழுமைக்கும் சூட்டுதல் வரலாற்றுக்கும் பொருந்தாது. பதின்ம வயது மாணவர் மனத்துக்கும் நலம் தராது.

எனினும், திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி அதன் பின்னரே தொடங்குகிறது. தோட்டத்தில் சாதி எவ்வாறு வாழ்ந்தது? மணவுறவில் அது எவ்வாறு ஒளிந்திருந்தது? கோயில் நிர்வாகத்தில் எவ்வாறு தலைகாட்டியது? இவற்றை மலேசியத் தமிழ் இலக்கியம் தன் சொந்தக் குரலில் எவ்வளவு சொல்லியிருக்கிறது? சொல்லியவை இருக்கலாம், அவை போதுமான அளவில் இல்லை என்பதே உண்மை. வெளியார் அச்சொல்லைச் சொன்னபோது எழுந்த சினம், இழிவு உள்ளேயே பேசப்பட்டபோதெல்லாம் எழுந்திருந்தால், அக்கண்டனத்தின் வலிமை பன்மடங்காகியிருக்கும். நெருக்கடி உள்ளிருக்கும் பிளவை மூடும், ஆற்றாது. மூடிய புண்ணைத் திறந்து கழுவும் பணி இலக்கியத்திற்குரியது. இன ஒற்றுமையின் பெயரால் அப்பணியைத் தள்ளிவைப்போர் ஒற்றுமைக்கே தீங்கு செய்கின்றனர்.

பகையில்லா நாளில்

1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் 520க்கு மேற்பட்டவை இயங்குகின்றன. இக்குறைவுக்குத் தோட்டத் துண்டாடலும், சிறுபள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டதும், நகர்நோக்கிய குடிபெயர்வும், பெற்றோரின் விருப்பமும் சேர்ந்தே காரணமாயின. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளியிலும் நாடாளுமன்றத்திலும் அதற்கு இடமுண்டு. ஆயினும் அங்கு இந்தியர் இல்லங்களில் ஆங்கிலத்தின் இடம் வளர்ந்து வருவதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. அங்கு எவரும் தமிழைப் பகைக்கவில்லை. பகையின்மையே மொழியைக் காத்துவிடவும் இல்லை. நெருக்கடியில் மட்டும் விழித்துக்கொள்ளும் இனவுணர்வு, அமைதி நாளில் உறங்கிவிடும் என்பதை இது தெளிவாக்குகிறது.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதனால் விளையும் கடமை பெரிது. ‘தமிழுக்கு ஆபத்து’ என்று முழங்கி மாணவர் உள்ளத்தை ஒரு நாள் கொதிக்கவைத்தல் எளிது. கொதிப்பு அடங்கிய மறுநாள் அம்மாணவன் எதைப் படிப்பான் என்பதே ஆசிரியப் பணியின் உரைகல். மலேசியத் தமிழ்ச் சிறுகதை ஒன்றை வகுப்பில் நடத்தும்போது, “இக்கதையில் கொடியவன் யார்?” என்னும் வினாவோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. “அக்கொடியவன் இல்லாத நாளில் இக்குடும்பம் எவ்வாறு வாழ்ந்திருக்கும்? என்ன பேசியிருக்கும்? தமக்குள் யாரைத் தாழ்த்தியிருக்கும், யாரை உயர்த்தியிருக்கும்?” என்று வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடைதரும் கதைகளை மாணவர் தேடிப் படிக்கட்டும். விடைதராத கதைகளின் குறையை அவர்களே உணரட்டும். அவருள் ஒருவரேனும் அக்குறையை நிறைக்க எழுதுகோல் எடுக்கட்டும்.

கிள்ளான் தொழிலாளர் 1941இல் கேட்டவை கூலியும் மானமும் மட்டுமல்ல; தம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கேட்டனர். நெருக்கடி நீங்கிய பின்னும் வாழ வேண்டும் என்று எண்ணியவர்களே அதைக் கேட்டிருக்க முடியும். அப்பள்ளிகளில் பயின்றோரும் பயிற்றுவோரும் படைக்கும் இலக்கியம் அந்த எண்ணத்திற்கு ஈடாக அமைதல் வேண்டும்.